உரமும் ஊட்டமும்

தமிழில் ‘உரம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வயலுக்கு இடுவதும் உரம். மனிதனின் மார்பிலும் தோளிலும் நிலைபெற்றிருப்பதும் உரம். இடப்படுவதும் விளைவதும் ஒரே பெயர் பெற்ற இந்த விந்தையை வகுப்பறையில் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஆயினும் இடுகின்ற உரத்திற்கும் விளைகின்ற உரத்திற்கும் இடையே உள்ள கணக்கை எனக்குக் கற்பித்தவன் என் மாணவன் ஒருவனே ஆவான்.

அவன் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு பயின்று வந்தான். விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில், பட்டாசு ஆலைகளின் பெயர்ப்பலகைகள் தென்படத் தொடங்கும் பகுதியில் அவனது ஊர். தந்தையார் லாரிகளில் சரக்கேற்றும் தொழிலாளி. பாதி நாள் வெளியூரில் இருப்பவர். தாயார் பட்டாசு ஆலையில் சரவெடி பின்னுபவர். பின்னிய எண்ணிக்கைக்கு ஏற்பவே கூலி. சனிக்கிழமையில் கைக்கு வரும். மழை பெய்தால் வேலை இல்லை. தீபாவளி கழிந்ததும் சில வாரங்களுக்கு ஆலைக் கதவுகள் சாத்தியே கிடக்கும். அந்த வட்டாரத்து வீடுகளின் வரவு செலவு இந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றியே நடக்கிறது.

ஒரு நாள் பருவக் கட்டணத்திற்குத் தவணை கேட்டு வந்து நின்றான். “அம்மாவுக்கு இந்த மாசம் வேலை கம்மி ஐயா” என்றான். பரிந்துரைத்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவன் திரும்பும்போது தோள்பையின் வாய் திறந்துகொண்டு, உள்ளிருந்து பெரிய டப்பா ஒன்று விழுந்து என் மேசைக்கடியில் உருண்டது. கறுப்பு நிறம், பொன்னிற எழுத்து, முன்புறத்தில் புஜத்தை மடக்கிக் காட்டும் வெளிநாட்டு மல்லன் ஒருவன். எடுத்துக் கொடுக்கும்போது அதன் விலையைப் படித்தேன். அவன் தவணை கேட்ட தொகைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

“என்னப்பா இது, சத்துமாவா?”

“இல்ல ஐயா, புரோட்டீன். வலுதூக்கும் போட்டிக்குப் பேர் குடுத்திருக்கேன்.”

எனக்குச் சினம் மூண்டது. தாயின் விரல்கள் தேய்ந்து சேர்த்த பணத்தை மாவாகக் கரைத்துக் குடிக்கிறாயே என்றும், தாய்மார் ஊட்டிய கஞ்சியிலே உரம் பெற்றவர்கள் நம் முன்னோர் என்றும் மேடைப்பேச்சே பேசிவிட்டேன். அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டான்; டப்பாவைப் பைக்குள் வைத்தான்; போய்விட்டான். கடமையைச் செய்துவிட்ட நிறைவு எனக்கு மாலை வரை நீடித்தது. இரவில்தான் நெஞ்சு உறுத்தியது. ஏனெனில் அந்த வயதில் நானும் அதையே செய்திருக்கிறேன்.

2000-ஆம் ஆண்டையொட்டி நான் கல்லூரி மாணவன். மாலை வேளைகளில் சிலம்ப உஸ்தாத் ஒருவரிடம் போய்வருவேன். தண்டால், பஸ்கி, கரலாக்கட்டை என்று உடம்பை முறுக்கிய காலம் அது. பச்சை முட்டை குடித்தால்தான் புஜம் ஏறும் என்பது உஸ்தாதின் உறுதியான கருத்து. எங்கள் அம்மா கோழி வளர்த்து, முட்டை விற்றுச் சில்லறை சேர்ப்பார். விற்பனைக்கு வைத்த முட்டைகளில் நாள்தோறும் இரண்டை எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றுவேன். அத்தாவுக்குத் தெரியும், கண்டும் காணாதவர் போல் இருந்தார். பின்னாளில் படித்தேன்: பெல்ஜிய நாட்டு ஆய்வாளர் 1998-இல் அளந்து பார்த்ததில், வேகவைத்த முட்டையின் புரதத்தில் 91 விழுக்காடு செரிமானமாகியது, பச்சை முட்டையிலோ 51 விழுக்காடுதான். அம்மாவின் முட்டைகளில் ஏறத்தாழ பாதியை நான் வீணாக்கியிருக்கிறேன். அதை அவித்துத் தின்றிருந்தால் போதுமாயிருந்தது!

வலிமைக்குத் துணையாக எதையேனும் உட்கொள்ளும் வேட்கை புதியதன்று. தென்மாவட்டத்து ஊர்களில் பலவற்றில் இன்றும் இளவட்டக்கல் கிடக்கிறது. பொங்கல் நாளில் அந்த உருண்டைக் கல்லை முழங்காலுக்கும் மார்புக்கும் ஏற்றி, தோள் வழியே பின்னால் எறிய வேண்டும். எறிந்தவனுக்குப் பெண் கொடுத்தார்கள் என்பது வழக்கு. அவன் என்ன உண்டு அதைத் தூக்கினான் என்பதை எவரும் பாடி வைக்கவில்லை. ஆமூர் மல்லனைப் போரவைக்கோப் பெருநற்கிள்ளி வீழ்த்திய பிடிகளைப் புறநானூற்றில் சாத்தந்தையார் கண்முன் நிறுத்துகிறார்; அவ்விருவரின் காலை உணவைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை. புலவர்களுக்கு அது பாடுபொருளாகத் தோன்றவில்லை போலும்.

உணவைப் பற்றிய செய்தி மிகுதியாகக் கிடைப்பது காமா பயில்வானைப் பற்றித்தான். 1878-இல் பிறந்து, 1910-இல் இலண்டன் சென்று உலகின் முன்னணி மல்லர்களோடு பொருது பெயர் பெற்று, 1960-இல் இலாகூரில் மறைந்தவர். பால், பாதாம், நெய் ஆகியவற்றை அவர் உட்கொண்ட அளவைப் பெரியவர்கள் வியந்து வியந்து கூறுவர். அந்த வியப்பில் ஒரு செய்தி மறைந்துவிடுகிறது. அவரது பாலுக்கும் பாதாமுக்கும் சமஸ்தானங்களின் கருவூலம் பின்னால் இருந்தது. என் மாணவனுக்குப் பின்னால் இருந்தது சனிக்கிழமைக் கூலி.

மறுநாள் நம் உடற்கல்வி இயக்குநரிடம் போய் நின்றேன். இந்த மாவெல்லாம் ஏமாற்று வித்தைதானே என்று கேட்டேன். ஆமாம் என்று அவர் சொல்வார் என்பதே என் எதிர்பார்ப்பு. “அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது ஐயா” என்றார். அன்று அவர் தொடங்கி வைத்த பாடத்தைப் பின்னர் நானே தேடிப் படித்து நிறைவு செய்துகொண்டேன். அதனை இங்குச் சற்று விரிவாகவே கூற வேண்டும்.

எடை தூக்கும்போது தசைநார்களில் நுண்ணிய சிதைவு ஏற்படுகிறது. அதனைச் செப்பனிட்டுத் தடிக்கச் செய்யும் கட்டுமானப் பொருள் புரதம். உடலுழைப்பில் தனிப்பயிற்சி பெறாத ஒருவருக்கு, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவு. எடைப்பயிற்சி செய்வோருக்குக் கூடுதலாக வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதற்கு 2018-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு விடை தருகிறது. 49 ஆய்வுகள், 1,863 பேர். வாரக்கணக்கில் பயிற்சி செய்தவர்களின் உச்சத் தூக்கு சராசரியாக ஏறத்தாழ 27 கிலோ உயர்ந்தது. புரதத்தைக் கூடுதலாக உட்கொண்டவர்களுக்கு அதன்மேல் கிடைத்தது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. கிலோவுக்கு 1.6 கிராம் என்ற எல்லையைத் தாண்டிய பிறகு, எவ்வளவு புரதம் உண்டாலும் தசை அதற்கேற்பப் பெருகவில்லை.

இந்த எண்களை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். புரதம் பயனற்றது என்ற என் மேடைப்பேச்சு தவறு. டப்பாவின் மேல் புஜம் காட்டுகிறவனின் விளம்பரமும் தவறு. உயர்வின் பெரும்பகுதி இரும்பைத் தூக்கித் தூக்கிப் பெற்றது. புரதத்தின் பங்கு உண்மையானது, ஆனால் சிறியது.

கிரியேட்டின் என்னும் பொருளின் கதை இன்னும் சுவையானது. செவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலார் 1832-இல் இறைச்சியிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார். மாமிசம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரும் சூட்டினார். நம் உடலே அதனைச் சிறிதளவு உண்டாக்குகிறது. இறைச்சியும் மீனும் உண்பவர்க்கு உணவிலிருந்தும் சேர்கிறது. தசை முழுவிசையோடு இயங்கும் முதற் சில நொடிகளுக்கான எரிபொருள் விரைவில் தீர்ந்துவிடும். தீர்ந்ததை உடனுக்குடன் நிரப்பித் தருவது தசையில் சேமிப்பாக உள்ள கிரியேட்டின். வாயால் உட்கொண்டாலும் அது தசையில் சென்று சேரும் என்பதை 1992-இல் ஆரிஸ் என்பவரும் அவர் குழுவினரும் அளந்து காட்டினர். 2003-இல் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் மாவை உண்டு பயிற்சி செய்தவர்களின் வலிமை 12 விழுக்காடு உயர்ந்திருந்தது. கிரியேட்டின் உண்டவர்களுக்கு 20 விழுக்காடு. நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் போதும். தசைக்குள் நீரை இழுத்து வைப்பதால் தொடக்கத்தில் உடல் எடை ஓரிரு கிலோ ஏறும். அதைத் தசை என்று எண்ணி மகிழ்வோர் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடக்கூடாது. சந்தையிலுள்ள நூற்றுக்கணக்கான பொடிகளில், வலிமைப் பயிற்சிக்குத் துணை செய்வதாக இத்துணை உறுதியான சான்று பெற்றது இதுவாகத்தான் இருக்கும். பயிற்சிக்கு முன் குடிக்கத் தருகிறார்களே வண்ண வண்ணப் பானங்கள், அவற்றுள் பலவற்றின் உயிர்நாடி காபியிலுள்ள அதே காஃபின்தான்.

இனி ஏமாற்று வித்தையைப் பார்க்கலாம். அதுவும் உண்டு; என் சினம் முழுவதும் வீணானதன்று.

ஒரு பொருளில் எவ்வளவு புரதம் உள்ளது என்பதை நேரடியாக அளப்பது கடினம். டென்மார்க் நாட்டு வேதியியலார் கெல்டால் 1883-இல் ஒரு வழி கண்டார். புரதத்தில் நைட்ரஜன் உண்டு. ஆதலால் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு கிடைக்கும். நல்ல வழிதான். ஆனால் நைட்ரஜன் உள்ளதெல்லாம் புரதம் ஆகிவிடுமா? என் மாணவனின் தாயார் வேலை செய்யும் தொழிலுக்கு வேண்டிய வெடியுப்பிலும்தான் நைட்ரஜன் இருக்கிறது! இந்த ஓட்டை வழியே கயவர்கள் நுழைந்தனர். 2008-இல் சீனத்தில் நீர் கலந்த பாலில் மெலமைன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து நைட்ரஜன் கணக்கை உயர்த்திக் காட்டினர். ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றன. ஆறு குழந்தைகள் இறந்தன. புரதப் பொடியில் விலை மலிந்த அமினோ அமிலங்களைக் கலப்பதும் இதே தந்திரத்தின் தம்பிதான்.

2024-இல் கேரள மருத்துவர் சிலர் உள்ளிட்ட குழுவினர், நம் நாட்டுச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளை வாங்கி ஆய்ந்து வெளியிட்டனர். ஏறத்தாழ 70 விழுக்காட்டில், வெளியே எழுதியிருந்த புரத அளவும் உள்ளே இருந்ததும் பொருந்தவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 விழுக்காட்டில் பூஞ்சை நஞ்சான அஃப்லடாக்சின். 8 விழுக்காட்டில் பூச்சிக்கொல்லியின் எச்சம். அதே 2024 மே மாதம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகளும், தசை வளர்ப்பதற்காகப் புரதப் பொடியை நாடுவதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தின. போட்டியாளர்க்கு வேறோர் இடரும் உண்டு. 2010-இல் தில்லி காமன்வெல்த் போட்டிக்குச் சற்று முன், இந்திய வீரர் பலருடைய சோதனையில் மெத்தில்ஹெக்ஸனமின் என்ற தடைசெய்யப்பட்ட ஊக்கப்பொருள் வெளிப்பட்டது. ஊட்டப்பொடிகள் சிலவற்றில் அக்காலத்தில் அது கலந்திருந்தது. தெரியாமல் உண்டேன் என்பது அங்கே விடையாகாது. உடம்பில் இருந்ததற்கு உடம்புக்குரியவனே பொறுப்பு.

நம் சமுதாய மாணவர்கள் இன்னொரு வினாவையும் எழுப்புவதுண்டு. மீன் எண்ணெய் போன்றவற்றை அடைத்து வரும் கூடுகள் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த ஜெலட்டினால் ஆனவை. எவ்விலங்கு, எவ்வாறு அறுக்கப்பட்டது என்பது தெரியாதபோது என்ன செய்வது என்று கேட்பார்கள். மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கில்லை, ஆலிம்களிடம் அனுப்பிவிடுவேன். மீன் வேண்டுமென்றால் மீனையே உண்ணலாமே என்று மட்டும் சொல்வேன்.

இவ்வளவும் படித்த பின் அவனை மீண்டும் அழைத்தேன். ஏசியதற்கு வருத்தம் தெரிவித்தேன். ஆசிரியர் வருத்தம் தெரிவித்தால் மாணவர்கள் அஞ்சிவிடுகிறார்கள், அவனும் அஞ்சினான். பிறகு தாளை எடுத்துக்கொண்டு, முந்தின நாள் என்னென்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். காலையில் தேநீரும் வடையும். மதியம் எலுமிச்சைச் சோறும் ஊறுகாயும். மாலையில் ஒரு கரண்டி மாவு. பயிற்சி முடித்து இரவில் நான்கு பரோட்டாவும் சால்னாவும். விருதுநகர்ப் பரோட்டாவைக் குறை கூற எனக்கு மனம் வராது; ஆனால் அதிலுள்ளது மைதாவும் எண்ணெயும்தான். மாவை நீக்கிவிட்டு, கையால் கூட்டிப் பார்த்தால் 45 கிராம் புரதம் தேறுவதே அரிதாயிருந்தது. அவன் எடை 60 கிலோ. பயிற்சி செய்யாத ஒருவனுக்கே 50 கிராம் வேண்டும். அவன் எட்ட வேண்டிய உச்சம் 96.

நாம் இருப்பது எந்த ஊர்? பருப்பு, எண்ணெய் விலைகளுக்கு விருதுநகர்ச் சந்தை நிலவரத்தைத் தமிழ்நாடே செய்தித்தாளில் பார்க்கிறது. அந்தச் சந்தையைக் கடந்து நாள்தோறும் பேருந்தில் வரும் பிள்ளை தன் தட்டில் பருப்பில்லாமல் டப்பாவைத் தேடுகிறான். இருவரும் அமர்ந்து கணக்கிட்டோம். அவித்த முட்டை இரண்டு: 12 கிராம். வறுத்த நிலக்கடலை 50 கிராம்: அதிலும் 12. கொண்டைக்கடலை 50 கிராம் ஊறவைத்து அவித்தால் 9. ஒரு தம்ளர் பால்: 6. குழம்பில் கூடுதலாக ஒரு கைப்பிடி துவரம்பருப்பு: 6. மொத்தம் 45. ஒரு மாதச் செலவு டப்பாவின் விலையைவிடக் குறைவாகவே வந்தது; கிடைத்த புரதமோ, நாளொரு கரண்டி மாவு தருவதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. அரிசியில் குறைவாயுள்ள லைசின் என்னும் கூற்றைப் பருப்பு ஈடு செய்கிறது என்பதையும் சொன்னேன். ரமலானில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியில் அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும், வாய்ப்பிருந்தால் கொத்துக்கறியும் சேர்வதை நினைவூட்டினேன். “சின்னப் புள்ளையில தூக்குவாளி எடுத்துக்கிட்டுப் போயி வாங்கியிருக்கேன் ஐயா” என்று முகம் மலர்ந்தான்.

நம் உணவில் குறையே இல்லை என்று நான் கூற வரவில்லை. மெக்கரிசன் என்ற மருத்துவ அறிஞர் 1918-இல் குன்னூரில் தொடங்கிய ஆய்வகமே 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. குன்னூரில் இருந்தபோது அவர் எலிகளைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை அவற்றுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்டவை கொழுத்து வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகக் கொண்ட சென்னை மாகாணத்து உணவை உண்டவை வங்காள உணவை உண்டவற்றோடு சேர்ந்து கடைசியில் நின்றன. கஞ்சியிலே உரம் பெற்ற முன்னோர் என்று நான் முழங்கியதற்கு அந்த எலிகள் அப்போதே மறுப்புக் கூறியிருக்கின்றன. அக்குறையை உணர்ந்தே போலும், விருதுநகர் பெற்ற காமராசர் 1956-இல் பள்ளியில் மதிய உணவைத் தந்தார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்தார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் அதில் முட்டை சேர்ந்தது. இந்த மாணவன் பள்ளியில் படித்தவரை வாரந்தோறும் அந்த முட்டை அவனுக்குக் கிடைத்தது. கல்லூரிக்கு வந்ததும் நின்றுபோயிற்று. அந்த இடத்தில்தான் டப்பா வந்து உட்கார்ந்திருக்கிறது.

இத்துடன் இக்கட்டுரை முடிந்திருக்க வேண்டும். ஒரு திருமணத்திற்காகச் சிவகாசிப் பக்கம் குடும்பத்தோடு சென்று திரும்பும் வழியில் அவன் வீட்டுக்குப் போக நேர்ந்தமையால் முடியவில்லை.

சிறிய வீடு. அடுக்களைப் பலகையில், அவன் காலி செய்த பழைய டப்பாக்கள் இரண்டில் மிளகாய் வற்றலும் புளியும் இருந்தன. அவன் கடைக்கு ஓடினான். தாயார் தெருக்குழாயிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தார். இருபது அடி தொலைவுதான். நடுவில் குடத்தை இறக்கி வைத்து, திண்ணையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டு, மீண்டும் எடுத்து வந்தார். என்னைவிட இரண்டொரு வயது இளையவராகவே இருப்பார். நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு எங்களோடு பேசிக்கொண்டே, முந்தானையில் முடிந்திருந்த பச்சரிசியை எடுத்து வாயில் போட்டு மென்றார். நான் அதைக் கவனிக்கவே இல்லை. கவனித்தவர் என் துணைவியார்.

“எவ்வளவு நாளாக்கா பச்சரிசி திங்கிறீங்க?”

“அது ஒரு பழக்கம்மா. ரெண்டு மூணு வருசமாச்சு. திங்காட்டா கை நடுங்குது.”

என் துணைவியார் அவரது கைகளைப் பற்றி நகங்களைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளைத்தாள் போல் இருந்தன. எங்கள் இரண்டாம் பிள்ளையைச் சுமந்த காலத்தில் இவரும் பலப்பத்தைத் தின்றவர். இரத்தத்தில் இரும்பு குறைந்தால் இப்படிப்பட்ட வேட்கை வரும் என்று மருத்துவர் கூறியதை மறக்காதவர். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அம்மாவை அழைத்துப் போ என்று பையனிடம் சொல்லிவிட்டு வந்தோம். அரை நாள் கூலி போகுமே என்று தாயார் இரண்டு வாரம் தள்ளிப்போட்டார். ஒருவழியாகப் போனபோது, 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8.1 இருந்தது.

அதில் வியப்பொன்றுமில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. தசைக்கு உயிர்வளியைச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அது உண்டாக இரும்பு வேண்டும். இரும்பு குறைந்த உடம்புக்கு இருபது அடிக் குடமே இளவட்டக்கல் ஆகிவிடுகிறது. இதுவும் அளந்தறியப்பட்ட செய்திதான். மேற்கு ஜாவாவில் இரப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் இரும்பு 60 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1979-இல் வெளிவந்தது. இரத்தசோகை இருந்தவர்களின் உடற்றிறனும் அன்றாட வேலையின் அளவும் உயர்ந்து, ஏறக்குறைய மற்றவர்களுக்கு நிகராகின. அதே ஆண்டில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவும் வெளிவந்தது. இரும்பு கொடுக்கப்பட்டு இரத்தம் ஊறியவர்கள் ஒரு மாதத்திலேயே கூடுதலாகக் கொழுந்து பறித்தனர். அத்தோட்டங்களில் உழைப்போர் பெரும்பாலும் இங்கிருந்து சென்ற நம் மக்களின் வழிவந்தோர் என்பதை எண்ணியபோது, அந்த ஆய்வு எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. எண்ணிக்கைக் கூலி அங்கும் இங்கும் ஒன்றுதான். மூச்சு வாங்கும் ஒவ்வொரு முறையும் கூலி குறைகிறது.

ஆக, அந்த வீட்டில் ஊட்டப்பொருள் ஒன்று உண்மையிலேயே வேண்டியிருந்தது. அது வேண்டியவர் வேறு, உண்டுகொண்டிருந்தவன் வேறு. வேண்டிய மாத்திரைக்கு விலையும் இல்லை. அரசு நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். பளபளக்கும் டப்பாவும் அதற்கில்லை, புஜம் காட்டும் மல்லனும் அதற்கில்லை. ஒன்றை மறவாமல் சொல்ல வேண்டும்: இரத்தசோகை இல்லாதவருக்கு இரும்பு மாத்திரை வலிமை தராது, தேவைக்கு மிஞ்சினால் தீங்கே செய்யும். திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் முதல் ஏழு குறள்களும் பெரும்பாலும் உணவையும் அளவையுமே பேசி, மருத்துவனின் செயலை எட்டாவது குறளில்தான் எடுப்பதை இளங்கலை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். அவ்வைப்புமுறையின் அருமை எனக்கே இப்போதுதான் முழுமையாக விளங்கியது.

மருத்துவர் பூச்சி மருந்தும் கொடுத்தார். மாதவிலக்கைப் பற்றியும் விசாரித்தார். மாத்திரை உண்ணும் நேரத்தில் தேநீர் குடித்தால் இரும்பு உடம்பில் சேராது என்றும், எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் நன்றாகச் சேரும் என்றும், மலம் கறுத்துப் போனால் அஞ்ச வேண்டாம் என்றும் எடுத்துரைத்தாராம். தேநீரை விடுவதுதான் தாயாருக்குப் பெரும்பாடாக இருந்திருக்கிறது. இரண்டு மாதம் கழித்து அளந்தபோது 10.6 என்று காட்டியது.

பையன் டப்பா வாங்குவதை நிறுத்தினான். முட்டையும் கடலையும் அவன் பையில் இடம் பிடித்தன. வகுப்பறையில் கொண்டைக்கடலை வாடை வீசுவதாக மாணவியர் சிலர் முறையிட்டனர். கிரியேட்டின் மட்டும் வாங்கலாமா என்று கேட்டான். அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்றேன், தடுக்கவில்லை.

போட்டி நடந்தது. 66 கிலோ பிரிவில் நான்காம் இடம் பெற்றான். வலுதூக்கும் போட்டியில் எடையை இரண்டரை இரண்டரைக் கிலோவாகத்தான் ஏற்றுவார்கள். மூன்றாம் இடம் பெற்றவன் இவனைவிடச் சரியாக இரண்டரைக் கிலோ கூடுதலாகத் தூக்கியிருந்தான். தொகுப்பாய்வின் எண்ணை நான் அவனிடம் முன்பே கூறியிருந்தேன் அல்லவா? மறுநாள் துறைக்கு வந்தவன் நெடுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, “அந்த ரெண்டரைக் கிலோ ஐயா” என்றான்.

எனக்கு விடை தோன்றவில்லை. உட்காரச் சொன்னேன். பேச்சை மாற்றி, அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“பச்சரிசி திங்கிறத விட்டுட்டாங்க ஐயா. இப்ப குடத்த நடுவுல எறக்குறதில்ல” என்றான்.